சீன எழுத்தைக் கையால் எழுதிப் பழகுதல்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என மலர்க் குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியராகிய எம்மிடமிருந்து சங்கச் செய்யுள் பற்றியோ நாவலர் பெருமானின் உரைநடை பற்றியோ ஒரு கட்டுரையையே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். யாமோ சீன எழுத்தைப் பற்றி எழுதத் துணிந்தோம். சீன மொழியில் எமக்குப் புலமை இல்லை. கடந்த இரண்டு ஆண்டுகளாக, மாலை வேளைகளில், சதுர றூள் கொப்பியும் பென்சிலுமாக அமர்ந்து, அரிவரி வகுப்புப் பிள்ளையைப் போல அதன் எழுத்துக்களை எழுதிப் பழகி வருகின்றோம். அவற்றுள் இதுவரை கைவந்தவை 300க்கு மேற்பட மாட்டா. எனினும், ஒரு கலையைப் பற்றிப் புலவர் கூறத்தக்கன சில இருத்தல் போலவே, அதனைத் தொடங்கியவன் மட்டுமே கூறத்தக்கனவும் சில உள. புலவருக்குத் தாம் தடுக்கி விழுந்த இடங்கள் மறந்துபோகும். தொடங்கியவனுக்கோ முழங்காலிற் காயம் இன்னும் ஆறியிராது.

எமது இம்முயற்சிக்குக் காரணமாயிருந்தவர் எம்மிடம் தமிழ் பயின்ற பழைய மாணவர் ஒருவர். சீன தேசஞ் சென்று மருத்துவம் கற்று மீண்டவர். எம்மைக் காண வந்த ஒருநாள், அந்நாட்டில் தமக்கு நேர்ந்த அனுபவம் ஒன்றைக் கூறினார். அவர் சீன மொழியைப் பேசக் கற்றிருந்தார். கையடக்கத் தொலைபேசியில் ஒரு சொல்லின் ஒலியை உரோம எழுத்தில் தட்டி, அது வரிசையாகக் காட்டும் சீன எழுத்துக்களுள் வேண்டியதைத் தெரிந்தெடுக்கவும் கற்றிருந்தார். கையால் எழுதுவதை மட்டும் வீண்வேலை என விட்டுவிட்டார். மருத்துவமனைப் பயிற்சிக் காலத்தில், நாட்டுப்புறத்து மூதாட்டி ஒருவர் தம் நோயைப் பற்றி ஏதோ சொன்னார். அவர் பேசிய வட்டார மொழி இவருக்கு விளங்கவில்லை. மூதாட்டியார் சலிப்படையாது, இடது உள்ளங்கையை விரித்து, வலது சுட்டுவிரலால் அதில் ஓர் எழுத்தை எழுதிக் காட்டினார். விளங்கவில்லை எனக் கண்டு மீண்டும் எழுதிக் காட்டினார். அருகில் நின்ற சீன மாணவி உடனே தலையசைத்தாள். எம் மாணவருக்கு ஒரு விரல் அசைவது தெரிந்ததேயன்றி எழுத்துத் தெரியவில்லை.

"ஐயா, அது எனக்குத் தெரியாத எழுத்தன்று. 'வலி' என்னும் எழுத்துத்தான். புத்தகத்திற் பலநூறு முறை வாசித்திருக்கிறேன். அந்த அம்மா தம் கையில் எழுதியபோது மட்டும் எனக்குப் புலப்படவில்லை" என்று அவர் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்திற் கண்ட வெட்கம் எம்மை விட்டு நெடுநாள் நீங்கவில்லை.

உள்ளங்கையில் விரலால் எழுதும் எழுத்து எவ்வடையாளத்தையும் விட்டுச் செல்வதில்லை. முதற் கீற்று மறைந்த பின்னரே இரண்டாங் கீற்று வருகின்றது. அதனை வாசிப்போன் எழுதி முடிந்த வடிவத்தை வாசிப்பதில்லை. கீற்றுக்கள் வரும் வரிசையையே வாசிக்கின்றான். 'வலி' என்னும் அவ்வெழுத்துக்குக் கீற்றுக்கள் 12. அவற்றுள் முதலில் எழுதப்படும் ஐந்தும் நோயைக் குறிக்கும் உறுப்பு. நோய்ப் பெயர்கள் பலவற்றுக்கு அவ்வுறுப்பே கூரையும் சுவருமாய் நிற்கும். ஆகவே ஐந்தாங் கீற்று முடியுமுன்னரே அச் சீன மாணவி, வரப்போவது நோய் பற்றிய எழுத்து என்பதை அறிந்திருப்பாள். எம் மாணவர் அறிந்திருந்தது முடிந்த படம் ஒன்றையே.

சீன எழுத்துக் கற்போர் இக்காலத்திற் கையால் எழுதிப் பழகவேண்டுமா என்பது பொழுதுபோக்கான கேள்வியன்று. கல்விக்கும் வணிகத்துக்குமாக எம் நாட்டிலிருந்து சீனஞ் செல்வோரும், இங்கிருந்தே அம்மொழியைக் கற்போரும் இன்று பலர். அவர்களுட் பெரும்பாலார்க்குக் காலம் குறைவு. 'தட்டினால் வருவதை எழுதுவானேன்?' என அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. அந்நியாயத்தை ஏற்றுக்கொண்ட பின்னரும், சிறு தொகை எழுத்துக்களையேனும் கையால், முறை வழுவாது, நாள்தோறும் எழுதுதல் இன்றியமையாதது என்பதே எமது கருத்து.

தொடக்க மாணாக்கன் முதலில் எதிர்ப்படுவது ஒரு சதுரம். கீற்று ஒன்றேயாயினும் இருபதாயினும், சீன எழுத்து ஒவ்வொன்றும் ஒரே அளவுள்ள சதுரத்துள் அடங்கியாக வேண்டும். சீனப் பிள்ளைகளின் கொப்பியிற் சதுரம் ஒவ்வொன்றும் குறுக்கே ஒன்றும் நெடுக்கே ஒன்றுமாக இரு மெல்லிய கோடுகளால் நான்காகப் பிரிக்கப்பட்டிருக்கும். அவ்வடிவம் 'வயல்' என்று பொருள்படும் எழுத்தை ஒத்தலால், அதனை வயல் எழுத்துக் கட்டம் என்றே அவர்கள் வழங்குவர். நாற்புறமும் வரம்பு கட்டி நடுவிலும் வரம்பு இட்ட வயலைக் கண்ட எவருக்கும் அப்பெயரின் பொருத்தம் விளங்கும். எவ்வுறுப்பு எப்பாத்தியில் நிற்கவேண்டும் என்பதை அக்கோடுகளே கற்பிக்கின்றன.

யாம் முதலில் இடறியது 'வாய்' என்னும் எழுத்தில். பார்வைக்கு அது வெறுஞ் சதுரமே. இடப்புற மேல்மூலையிலே தொடங்கி, பென்சிலை எடாது ஒரே சுற்றாகச் சுற்றி முடித்து, இவ்வளவு எளிதா என மகிழ்ந்தோம். பிழை என்றார் எம் பழைய மாணவர். தாம் விட்ட பிழையைத் தம் ஆசிரியனும் விடலாகாது என்பதில் அவர் கண்டிப்பாய் இருந்தார். அவ்வெழுத்துக்குக் கீற்றுக்கள் 3. முதலாவது, இடப்புறத்து நெடுங்கோடு. இரண்டாவது, மேற்கோடாய்த் தொடங்கி, வலமூலையிற் பென்சிலை எடாது மடிந்து, வலப்புறத்து நெடுங்கோடாய் இறங்குவது. மூன்றாவது, அடியை மூடும் கோடு. எப்படி எழுதினாலும் சதுரம் சதுரந்தானே என எமக்குத் தோன்றிற்று. சில மாதங்கள் சென்று அகராதியைக் கையில் எடுத்தபோதே உண்மை விளங்கிற்று. சீன அகராதியில் ஓர் எழுத்தை வடிவங்கொண்டு தேடுவோர், அதன் தலைமை உறுப்பையும் எஞ்சிய கீற்றுக்களின் தொகையையும் எண்ணித் தேடுவர். 'வாய்'க்குக் கீற்று மூன்று என்பதை அறியாதவன், 'வாய்' உறுப்பாக அமைந்த எழுத்து ஒவ்வொன்றையும் பிழையாக எண்ணி, வேறு பக்கத்திலே தேடிக் களைப்பான்.

வரிசை விதிகள் மிகப் பல அல்ல. மேலிருந்து கீழே வருக. இடமிருந்து வலம் செல்க. கிடைக்கோடும் நெடுங்கோடும் ஒன்றையொன்று வெட்டுமிடத்துக் கிடைக்கோட்டை முன்னர் எழுதுக. நடுவில் ஒன்றும் இருபுறத்தும் இரண்டும் நிற்பின் நடுவில் நிற்பதை முன்னர் எழுதுக. கூடு போன்ற எழுத்தாயின், உள்ளே இருக்கவேண்டியதை எழுதிய பின்னரே அடியை மூடுக. இறுதி விதியைச் சீன ஆசிரியர், ஆள் வீட்டினுட் புகுந்த பின்னரே கதவைச் சாத்துதல் எனப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பர். 'ஞாயிறு' என்னும் எழுத்தை எழுதும்போது, நடுக்கோட்டை உள்ளே இட்டு அதன் பின்னரே அடிக்கோட்டால் மூடவேண்டும். விதிவிலக்குக்கள் உண்டு. ஆயினும் நூறு எழுத்து எழுதியவனுடைய கை, புதிய எழுத்தைக் கண்டதும் பெரும்பாலும் தானே வரிசையை ஊகித்துக்கொள்ளும்.

கீற்று வகைகளையெல்லாம் ஓரிடத்திற் காட்டும் எழுத்து ஒன்றுண்டு. 'யொங்' என ஒலிக்கும் அதன் பொருள் 'என்றும் உள்ளது' என்பது. இக்கால எண்ணிக்கையில் அதற்குக் கீற்றுக்கள் ஐந்தேயாயினும், புள்ளி, கிடைக்கோடு, நெடுங்கோடு, கொக்கி, மேல்நோக்கி எழும் கீற்று, இடப்புறம் வீழும் நெடுங்கீற்று, இடப்புறம் வீழும் குறுங்கீற்று, வலப்புறம் வீழும் கீற்று என எட்டு அசைவுகள் அதனுள் அடங்கியுள்ளன. தூரிகை பிடித்து எழுதக் கற்போர் நெடுங்காலமாக அவ்வெழுத்தையே முதற்பாடமாகக் கொள்வர். நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் ஷிச்சி என்பாரைச் சீனர் எழுத்துக் கலையின் தலைமகனாகப் போற்றுவர். 353 ஆம் ஆண்டில், நண்பர் கூடிப் பாடிய பாட்டுக்களுக்கு அவர் ஒரு முன்னுரை எழுதினார். அதன் முதல் எழுத்து இந்த 'யொங்' என்பதே. அம்முன்னுரையுள் 'ச்சி' என்னும் சிறு சொல் இருபது இடங்களில் வருகின்றது. இருபதும் இருபது வடிவில் எழுதப்பட்டுள்ளன. அவர் கைப்பட எழுதிய மூலம் இன்று இல்லை, படிகளே எஞ்சியுள்ளன. தொடக்க மாணாக்கன் இவ்வரலாற்றைக் கேட்டு, தானும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு விதமாய் எழுதலாம் எனக் கொள்ளலாகாது. ஒழுங்கு கைவந்த பின் வரும் வேறுபாடு அழகு. கைவருமுன் வரும் வேறுபாடு பிழை.

கண்ணால் மட்டும் கற்பதில் உள்ள குறையை இரண்டு மூன்று எழுத்துக்களைக் கொண்டு காட்டலாம். 'மண்' என்னும் எழுத்தும் 'கற்றறிந்தோன்' என்னும் எழுத்தும், இரு கிடைக்கோடும் ஒரு நெடுங்கோடும் கொண்டவை. கீற்றுக்களும் ஒன்று, வரிசையும் ஒன்று. கீழ்க்கோடு நீண்டால் மண். மேற்கோடு நீண்டால் கற்றறிந்தோன். வேறுபாடு அவ்வளவே. 'தான்', 'ஏற்கெனவே', கால எண்ணிக்கையில் வழங்கும் 'பாம்பு' என்னும் மூன்றுக்கும் வேறுபாடு, இடப்புறத்து வாய் திறந்திருக்கிறதா, பாதி மூடியிருக்கிறதா, முழுதும் மூடியிருக்கிறதா என்பது மட்டுமே. அச்சில் இவற்றைக் காணும் கண், சூழ்ந்துள்ள சொற்களைக் கொண்டு பொருளை ஊகித்து, உற்று நோக்காமலே கடந்து போகும். கைக்கு அந்த வசதி இல்லை. எக்கோடு நெடியது, எவ்வாய் திறந்தது என்பதை முடிவு செய்யாமற் கையால் எழுத இயலாது. கையால் எழுதுவதன் பயன் அழகான எழுத்துப் பெறுதல் என்று பலர் எண்ணுகின்றனர். கூர்ந்து நோக்கக் கற்றலே அதன் முதற் பயன்.

தொடக்க நூல்கள் சில, சீன எழுத்தெல்லாம் படம் என்று சொல்லி மாணவரை மயக்குகின்றன. மரம், ஞாயிறு, திங்கள் முதலியன படத்திற் பிறந்தவை என்பது மெய். மரம் இரண்டு நின்றால் தோப்பு. மூன்று நின்றாற் காடு. மரத்தருகே மனிதன் நின்றால் இளைப்பாறுதல். இவை இனியவை; ஆயின் இவை போன்றவை சிறுபான்மை. பெரும்பான்மையான எழுத்துக்களில் ஓர் உறுப்புப் பொருளின் இனத்தைக் காட்டும். மற்றோர் உறுப்பு ஒலியைக் காட்டும். 'தாய்' என்னும் எழுத்திற் பெண்ணும் குதிரையும் உள. குதிரை அங்கே வந்தது 'மா' என்னும் தன் ஒலியைத் தருதற்கே. தாயைக் குதிரையோடு ஒப்பிடுதற்கு அன்று. 'ச்சிங்' என ஒலிக்கும் உறுப்பு ஒன்று உண்டு. அதனோடு நீர் சேர்ந்தால் தெளிவு. பேச்சுச் சேர்ந்தால் வேண்டிக்கொள்ளுதல். உள்ளஞ் சேர்ந்தால் உணர்ச்சி. ஞாயிறு சேர்ந்தால் மழையற்ற வானிலை. நான்கின் ஒலியும், ஏற்ற இறக்கம் ஒன்று வேறுபடினும், ஒன்றே. எழுத்தைத் தனித்தனிப் படமாக மனனஞ் செய்பவன் நான்கு சுமை சுமப்பான்; உறுப்பு அறிந்து எழுதுபவன் ஒரு சுமை சுமப்பான். கி. பி. 100 அளவில் ஷூ ஷென் என்னும் அறிஞர் 9,353 எழுத்துக்களை ஆராய்ந்து 540 உறுப்புக்களின் கீழ் வகுத்தார். 1716 இல் முடிந்த காங்ஷி பேரகராதியில் உறுப்புக்கள் 214 மட்டுமே. கடல் போன்ற எழுத்துக்கும் கரை உண்டு என்பதை இவ்வெண்கள் காட்டும்.

எழுதும்போது இவ்வுறுப்புக்கள் ஒன்றுக்கொன்று இடங்கொடுக்கும் பண்பு கண்டு யாம் வியந்ததுண்டு. தனியே நிற்கும் மரம் தன் வலக்கிளையை நன்றாய் வீசி நிற்கும். தோப்பு என்னும் எழுத்தில் இடப்புறத்து மரம், அயலில் நிற்கும் மரத்துக்கு இடம் வேண்டும் என்பதனால், தன் வலக்கிளையை ஒரு புள்ளியாகச் சுருக்கிக்கொள்ளும். யாம் அதைச் சுருக்காது எழுதியபோதெல்லாம், இரண்டாம் மரம் கட்டத்துக்கு வெளியே போய் நின்றது.

இனி, மறுதரப்பாரின் நியாயத்தையும் ஆராய்தல் முறை. சீன அரசு 2013 இல் வெளியிட்ட பொது எழுத்துப் பட்டியலில் 8,105 எழுத்துக்கள் உள. அவற்றுள் முதற்படியில் வைக்கப்பட்ட அன்றாட எழுத்துக்களே 3,500. இவ்வளவையும் கையால் எழுதக் கற்றல் பிறநாட்டு மாணவர் பெரும்பாலார்க்கு ஆகும் செயலன்று. இதனைச் சீனரும் உணர்ந்துள்ளனர். பிறநாட்டார்க்கென 2021 இல் அவர்கள் வகுத்த தரத்தில், வாசித்து அறியவேண்டிய எழுத்துக்கள் 3,000. கையால் எழுதவேண்டியவை 1,200 மட்டுமே. தொடக்க நிலையின் மூன்று படிகளுக்கும் சேர்த்து, வாசித்தற்கு 900, எழுதுதற்கு 300. எஞ்சியவற்றைத் தட்டெழுத்துக்கு விடுவதிற் குற்றம் இல்லை. தட்டெழுத்துப் பழகாதே என யாம் எவருக்குஞ் சொல்லவில்லை, யாமும் தட்டுகின்றோம்.

ஆயின் கையை முழுதும் விட்டுவிட்டால் நேர்வது யாது? சீன மொழியிலேயே இதற்கு ஒரு தொடர் வழங்குகின்றது: எழுதுகோலை எடுத்ததும் எழுத்தை மறத்தல். ஒலியைத் தட்டி எழுத்தைப் பொறுக்கும் வழக்கம் பரவியதன் பின், கற்றறிந்த சீனரும் எளிய சொற்களைக் கையால் எழுத முற்படுகையில் திகைக்கின்றனர் என்னும் கவலை அங்கே பெரிது. 2013 இற் சீன மத்திய தொலைக்காட்சி, மாணவர் பங்குகொண்ட சொல்வதெழுதுதற் போட்டியொன்றை நடத்தியபோது, நாடெங்கும் அதனை ஆவலோடு பார்த்தமைக்கு இக்கவலையும் ஒரு காரணம். அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டில் 2005 இல் வெளிவந்த ஆய்வொன்று, சீனச் சிறாரின் வாசிப்புத் திறன் அவர்களுடைய எழுதுந் திறனோடு நெருங்கிய தொடர்புடையது எனக் கண்டது. அவ்வேட்டிலேயே 2013 இல் வந்த மற்றோர் ஆய்வு, ஒலியைத் தட்டி எழுதும் முறையை மிகுதியாகக் கையாண்ட மாணவரின் வாசிப்புப் புள்ளிகள் தாழ்ந்திருந்தன எனக் கூறிற்று. தொடர்பு வேறு, காரணம் வேறு என்பதை யாம் அறிவோம். எனினும், உள்ளங்கை எழுத்தை வாசிக்க மாட்டாது நின்ற எம் மாணவரின் அனுபவத்தோடு இம்முடிவுகள் ஒத்திருத்தலைக் காணாதிருக்க முடியவில்லை.

எவ்வடிவத்தைக் கற்பது என்பதும் தொடங்குவோர் கேட்கும் கேள்வி. 1956 இற் சீன அரசு பல எழுத்துக்களின் கீற்றுக்களைக் குறைத்தது. பத்துக் கீற்றுக் குதிரை மூன்று கீற்றுக் குதிரை ஆயிற்று. தைவானிலும் ஹொங்கொங்கிலும் பழைய வடிவமே வழங்குகின்றது. 1978 இற் தமிழ்நாட்டு அரசு ணை, லை, றா முதலிய சில உயிர்மெய்களின் வடிவை மாற்றியபோது, பழைய புத்தகங்களைப் படிக்கப் பிள்ளைகள் இடர்ப்படுவரோ என எழுந்த ஐயத்தை எண்ணினால் இதன் தன்மை விளங்கும். யாருடன் பழகப் போகின்றோமோ அவர் எழுதும் வடிவை முதலிற் கற்க. மற்றதைக் கண்ணாற் கண்டு அறியப் பழகுக. இரண்டையும் ஒருங்கே எழுத முயல்வோர் இரண்டிலும் தடுமாறுவர்.

பயிலும் முறை பற்றிச் சில சொற்கள். நாளொன்றுக்கு மூன்று புதிய எழுத்துக்கள் போதும். கணக்கின்படி 300 எழுத்துக்கு 100 நாள்; மறதி என்பது ஒன்று உண்டாதலால் எமக்கு இரண்டு ஆண்டு சென்றது. ஓர் எழுத்தைத் தொடர்ந்து ஐம்பது முறை எழுதுதல் வீண். ஐந்தாறு முறைக்குப் பின் கை ஓடும், கருத்து ஓடாது. மூன்று முறை பார்த்து எழுதுக. பின்னர் மூடிவைத்து நினைவிலிருந்து எழுதுக. மறுநாட் காலை, கொப்பியைத் திறவாது மீண்டும் எழுதுக. எழுதும்போதே ஒலியை வாய்விட்டுச் சொல்லுக. எழுத்தைத் தனியே எழுதாது சொல்லில் வைத்து எழுதுக. சிவப்பில் அச்சிட்ட எழுத்தின்மேற் கறுப்பால் எழுதிப் பழகும் தாள்கள் சீனப் பிள்ளைகளுக்கு உண்டு. கிடைப்பின் தொடக்கத்தில் அவை நன்று. அழிறப்பரை மேசையில் வையற்க. பிழையாய் எழுதியதை அழியாது விட்டு, அதன் அருகே திருத்தமாய் எழுதுக. அழிக்கப்பட்ட பிழை திரும்பி வரும். கண்முன் நிற்கும் பிழை வெட்கித் தானே அகலும்.

இவ்விடத்தில் எமது குற்றம் ஒன்றையும் சொல்லிவைத்தல் கடன். பல ஆண்டுகளின் முன், கீழ்வகுப்பொன்றுக்கு யாம் படிப்பித்த காலத்தில், ஒரு சிறுவன் ழகரத்தை வடிவு சிதைய எழுதி வந்தான். மும்முறை சொல்லியும் திருந்தாமையால் வெகுண்டு, அவன் கொப்பித் தாளைக் கிழித்து, மறுபடி எழுதி வருமாறு பணித்தோம். மறுநாள் எழுதி வந்தான். வடிவம் திருந்தவில்லை, எழுத்துக்கள் மட்டும் முன்னையிலும் சிறுத்திருந்தன. அவை ஏன் சிறுத்தன என்று யாம் அன்று சிந்திக்கவில்லை. நாற்பது வயது கடந்து, 'தான்' என்னும் மூன்று கீற்று எழுத்தைப் பத்து முறை பிழையாக எழுதிய ஒரு மாலையில், எமது எழுத்தும் கட்டத்தின் மூலையிற் சிறுத்து ஒதுங்கியிருப்பதைக் கண்டோம். எம்மைக் கடிந்துகொள்ள அங்கே ஒருவரும் இல்லை. இருந்தும் எழுத்துச் சிறுத்தது. அஞ்சிய கை சிறிதாய் எழுதும் என்பதை அன்றே அறிந்தோம்.

பின்னர் எண்ணிப் பார்க்கையில் மற்றொன்றும் விளங்கிற்று. அச்சிறுவனுக்கு யாம் கரும்பலகையிற் காட்டியது எழுதி முடிந்த ழகரம். எங்கே தொடங்குவது, எங்கே வளைவது, எங்கே நிறுத்துவது என்பதை அவன் அருகிருந்து ஒரு முறையேனும் நாம் காட்டவில்லை. எம் மாணவர் மருத்துவமனையில் எவ்வாறு முடிந்த படத்தை மட்டும் அறிந்து நின்றாரோ, அவ்வாறே அச்சிறுவனும் நின்றான். பயிற்சிக் கல்லூரியில் இது எமக்குக் கற்பிக்கப்படாததன்று. தெரிந்ததை எல்லோருக்கும் தெரியும் என எண்ணும் ஆசிரியனின் மறதியே காரணம். விசயதசமியில் ஏடு தொடக்கும்போது பெரியவர் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கின்றாரே, அவர் குழந்தைக்குக் கொடுப்பது வடிவத்தை அன்று, அசைவை. அந்த ஒரு நாளின் பின், நம்மிற் பலர் அவ்விரலை மிக விரைவில் விட்டுவிடுகின்றோம்.

கொழும்பு நூதனசாலையில் ஒரு கல் உண்டு. 1911 இற் காலி நகரிற் கண்டெடுக்கப்பட்டது. மிங் பேரரசின் கடற்றலைவர் செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடையது. 1409 ஆம் ஆண்டைக் குறிப்பது. ஒரே கல்லிற் சீனமும் தமிழும் பாரசீகமும் பொறிக்கப்பட்டுள்ளன. சீனப் பகுதி புத்தர் பெருமானையும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாரையும் போற்றிக் காணிக்கைகளை விரித்துரைக்கும். முன்னர் மாணவரை அழைத்துச் சென்ற காலங்களில், தமிழ்ப் பகுதியைச் சுட்டிப் பெருமை பேசிவிட்டு, 'மற்றது சீனம்' என ஒரே சொல்லில் முடித்து நகர்ந்திருக்கின்றோம். சென்ற விடுமுறையில், சீனப் பகுதியின் அச்சிட்ட படியொன்றைக் கையிற் கொண்டு அதன்முன் தனியே நின்றோம். மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாகச் செல்லும் வரிகள். முதல் எழுத்து, 'பெரிய', மூன்று கீற்று. அடுத்தது 'ஒளி', ஞாயிறும் திங்களும் அருகருகே நிற்பது. இரண்டுஞ் சேர்ந்து 'பெரிய மிங்' என்னும் அரசின் பெயர். இறுதியில் ஆண்டு வருகின்றது. யொங்லெ என்னும் ஆட்சிப் பெயரின் முதல் எழுத்து, எமக்கு எட்டு அசைவுகளையும் கற்பித்த அதே 'யொங்'. அடுத்த எழுத்து இன்று ஐந்து கீற்றாகச் சுருங்கியது, அன்று பதினைந்து. பின்னர், ஏழு, ஆண்டு, இரண்டு, திங்கள், நாள். எம்மைப் பத்து முறை இடறச் செய்த 'தான்' என்னும் எழுத்தும், ஆண்டின் பெயரில் ஓர் உறுப்பாக அவ்வரியில் நின்றது. எமக்குத் தெரிந்தவை ஒரு சிலவே. கல்லின் பெரும்பகுதி இன்னும் எமக்கு ஊமைதான். எனினும் அந்த ஒரு சிலவற்றையும் காணுந்தோறும், எமது சுட்டுவிரல் தானாகவே இடது உள்ளங்கையில் அவற்றை எழுதிக்கொண்டிருந்தது.

ஆகவே, சீனம் கற்கச் செல்லும் எம் மாணவச் செல்வர்களுக்கு ஒன்று சொல்வோம். கருவி தருவதை மறுக்க வேண்டா; அதனுடன் ஒரு கொப்பியையும் வாங்கிக் கொள்ளுங்கள். 300 எழுத்துக்களை உங்கள் கை அறியட்டும். எஞ்சியவற்றைக் கண் தானே கற்றுக்கொள்ளும். உடனாசிரியர்களுக்கு ஒன்று சொல்வோம். கீழ்வகுப்புக்களின் நேரசூசியில் உறுப்பெழுத்துக்கு உரிய வேளையை வேறு பாடம் விழுங்க விடாதீர்கள். அவ்வேளையில் நாற்காலியில் அமராது, பிள்ளையின் அருகே குனிந்து எழுதிக் காட்டுங்கள். பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் புதிதாய் ஏதேனும் ஒன்றைத் தொடங்கி, அதில் அரிவரி மாணவனாய் அமர்ந்து பாருங்கள். சீன எழுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. நம் பிள்ளைகள் நாள்தோறும் வகுப்பறையில் என்ன துன்பம் உறுகின்றனர் என்பதை அறிய அதனினும் நேரிய வழி யாம் கண்டிலோம்.

கொப்பித் தாளை யாம் கிழித்த அச்சிறுவன் இன்று எங்குளன் என்பதை அறியோம். இம்மலர் அவன் கைக்கும் எட்டக் கூடும். எட்டுமாயின், அவனுடைய ழகரம் எத்துணைச் சிதைந்திருப்பினும், அதனைக் கையால் எழுதி எமக்கு ஒரு கடிதம் விடுப்பானாக. அதனைக் கிழியாது காத்து வைப்போம்.